தலைப்பெழுத்து

போன சாரல் காலத்தில் தென்காசியில் ஓர் இலக்கியக் கூட்டம். மேடையில் ஐந்து பேர். வரவேற்புரை சொன்னவர் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்திக்கொண்டே வந்தார். ஒருவர் இன்ன புலவருடைய பேரன். இன்னொருவர் இன்ன பேராசிரியருடைய மகன். மூன்றாமவர் பதிப்பாளர் வீட்டு மருமகன். கடைசியில் நான். “இவங்க எந்தப் பின்னணியும் இல்லாம, சுயம்பா எழுந்து வந்தவங்க” என்றார். மற்ற நாலு பேரையும்விட எனக்குத்தான் கைதட்டல் கூடுதல்.

அந்தக் கைதட்டல் இன்னமும் எனக்குச் செரிக்கவில்லை. சுயம்பு என்று லிங்கத்தைத்தான் சொல்வார்கள். அதற்குத் தாய் தகப்பன் கிடையாது. எனக்கு உண்டு. என்னைப் பெற்றவள் கூட்டம் நடந்த மண்டபத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, நூறு நாள் வேலை முடிந்து வந்து அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பாராட்டு மாதிரி சொல்லி என் தாயை இல்லாமலாக்கிய அந்த ஒரு சொல்லிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. இலக்கியத்தில் வாரிசு என்பது என்ன? யாருக்கு அது வாய்க்கிறது? பெற்றவர் தடத்தில் நடக்கிற பிள்ளையின் கையில் உண்மையில் எது வந்து சேர்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தென்காசியையும் குற்றாலத்தையும் விடப் பொருத்தமான ஊர் வேறில்லை. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் ஊர் இது. வழக்கறிஞர் படிப்புப் படித்துத் தொழிலை விட்டுவிட்டுக் கவிதைக்கே தம்மைக் கொடுத்தவர். திருநெல்வேலியில் அவர் வீட்டின் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசிய சபைதான் ‘வட்டத்தொட்டி’. பிற்காலத்தில் குற்றாலத்தில் வந்து தங்கினார். ராஜாஜி, கல்கி, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, நீதிபதி மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான் என்று அவரைச் சுற்றியிருந்தவர்களின் பட்டியல் நீளமானது. 1954இல் அவர் இறக்கும்வரை, அருவிக்கு வந்தவர்கள் அவர் வீட்டுக்கும் வந்தார்கள். அவர் வீட்டுக்கு வந்தவர்கள் அருவியையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

டி.கே.சி.க்கு ஒரு மகன். பெயர் தீத்தாரப்பன். ‘தீபன்’ என்ற புனைபெயரில் எழுதினார். ‘அரும்பிய முல்லை’ அவருடைய நூல். தகப்பனாருக்கு முன்பே இளவயதில் இறந்துபோனார். தமிழில் பெற்றவர் வழியில் எழுத வந்து பாதியில் அறுந்துபோன பாதைகளில் அது ஒன்று. அந்த மரணத்தைக் கேவலப்படுத்துகிற நோக்கம் எனக்கில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனின் துக்கம் எந்தத் தெருவிலும் ஒன்றுதான். நான் கவனித்தது வேறொன்றை. தீபனுடைய பிள்ளைகள் தங்கள் பெயருக்கு முன்னால் ‘தீப.’ என்று போட்டுக்கொண்டார்கள். தீப. நடராஜன் என்ற பெயரைத் தென்காசிப் பக்கத்து இலக்கியக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். தகப்பனின் புனைபெயர் பிள்ளையின் தலைப்பெழுத்தில் ஒலிக்கிறது. அதாவது, இலக்கியமே அந்த வீட்டில் இனிஷியல் ஆகிவிட்டது. எழுதிய புத்தகம் ஒன்றாக இருந்தாலும் பெயர் தொடர்கிறது. எழுதுகிறவர் போய்விட்டாலும் வீடு இருக்கிறது, வந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள், கடிதங்கள் இருக்கின்றன.

இப்போது என் இனிஷியலைச் சொல்லுகிறேன். எங்க அப்பா பேரு சுடலைமுத்து. ஒண்ணாம் வகுப்பில் என்னைச் சேர்க்கப்போன ஆச்சி அந்தப் பெயரை முழுசாகத்தான் சொன்னாள். பதிவேட்டில் எழுதியவர் ‘சுடலை’ என்று மட்டும் எழுதினார். எங்க தெருக்காரர்களுக்கு அவ்வளவு பேர் போதும் என்று நினைத்திருப்பார். முத்தைப் பிடுங்கிக்கொண்டு சுடலையை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்தார்கள். எம்.ஏ. சான்றிதழ் வரைக்கும் அதுதான். சுடலை என்றாலும் சுடலைமுத்து என்றாலும் தலைப்பெழுத்து ‘சு.’ தானே என்று கேட்கலாம். அதுதான் சங்கதி. தலைப்பெழுத்து ஒருவருக்கு வரலாற்றைக் காட்டுகிறது. இன்னொருவருக்குக் காயத்தை மூடி மறைக்கிறது.

வட்டத்தொட்டியை இன்றைக்கு நாம் எப்படி வாசிப்பது? டி.கே.சி. கவிதையைக் காதால் கேட்கச் சொன்னவர். உரைக்காரர்கள் பொருளைப் பிளந்துகொண்டிருந்தபோது, பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார், அதன் நடை உனக்கே புரியும் என்றவர். கம்பன் பேரில் வழங்கும் பாட்டுகளில் பலவற்றை இடைச்செருகல் என்று தள்ளினார். பண்டிதர்களுக்கு அது பொறுக்கவில்லை. படிப்பாளிகளின் கையிலிருந்து கவிதையைப் பிடுங்கி ரசிகன் கையில் கொடுத்தது ஒரு கலகம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரசிகன் யார்? அந்தச் சபையைப் பற்றி நான் படித்த எதிலும் சேரியிலிருந்து வந்து உட்கார்ந்த ஒருவருடைய பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. தொட்டிக்கட்டு என்பது வீட்டுக்குள்ளே இருக்கிறது. வீட்டுக்குள் வர முடிந்தவர்தான் ரசிகர்.

1934இல் காந்தி குற்றாலத்துக்கு வந்தார். தாழ்த்தப்பட்டவர்கள் அருவிக்குப் போக முடியாது என்று தெரிந்ததும் தாமும் குளிக்க மறுத்தார். காந்தியோடு நமக்குள்ள கணக்கு வேறு. 1932 பூனா ஒப்பந்தத்தை நாம் மறக்கவில்லை. ஆனாலும் அந்தச் செய்தி ஒன்றைச் சொல்கிறது. மலையிலிருந்து சும்மா விழுகிற தண்ணீருக்கே சாதி இருந்தது. 1930களின் முற்பகுதியில் டி.கே.சி. இந்து அறநிலைய வாரியத்தில் ஆணையராக இருந்தார். கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு 1939இலும், முழு உரிமை 1947இலும்தான் சென்னை மாகாணத்தில் வந்தது. அவர் யாரையும் தடுத்தார் என்று நான் சொல்லவில்லை. தடுக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. அதற்கு ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. கவிதையை ரசிக்க அமைதி வேண்டும் என்பார்கள். அந்த அமைதி எப்படிக் கிடைத்தது என்று கேட்பதுதான் தலித் விமர்சனத்தின் வேலை.

அப்படியானால் வாரிசுக்குக் கிடைப்பது திறமை அல்ல. திறமை ரத்தத்தில் வருவதில்லை; வருவதாகச் சொல்வது வருணாசிரமம். கிடைப்பது நேரம், வீடு, காது. ‘நீ எழுதலாம்’ என்று பிறக்கும்போதே கொடுக்கப்படும் அனுமதி.

இதைவிட முக்கியமான இன்னொன்றும் கிடைக்கிறது. அதைப் புரிந்துகொள்ளத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். சுடலைமாடன் கோயில் தெரு. (எங்க அப்பா பெயரிலிருக்கும் அதே சுடலைதான்.) அங்கே தி.க.சி. இருந்தார். 1925இல் பிறந்து 2014இல் இறந்த மார்க்சிய விமர்சகர். ‘தாமரை’யின் ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறையையே எழுத வைத்தவர். அவர் மகன் கல்யாணசுந்தரம் கதைகளில் வண்ணதாசன், கவிதைகளில் கல்யாண்ஜி. தகப்பனுக்கு 2000இல் சாகித்திய அக்காதெமி விருது, விமர்சன நூலுக்கு. மகனுக்கு 2016இல், ‘ஒரு சிறு இசை’ சிறுகதைத் தொகுப்புக்கு. தமிழில் ‘இலக்கிய வாரிசு’ என்று யாராவது சொன்னால் முதலில் நினைவுக்கு வருகிற இருவர்.

ஆனால் மகன் தகப்பனின் தடத்தில் நடக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். தகப்பன் கேட்டது வர்க்கம், போராட்டம், சமூகப் பொறுப்பு. மகன் எழுதியது உதிர்ந்து கிடக்கும் பூ, ஒரு வீட்டு முற்றத்து வெளிச்சம், உறவுக்காரப் பெண்ணின் கை, சொல்லப்படாத பிரியம். தகப்பனின் பெயரைத் தலைப்பெழுத்தாகக்கூடப் போடாமல் புனைபெயர் வைத்துக்கொண்டார். முற்போக்கு விமர்சனம் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடியதை அவர் கதைகள் தரவில்லை. அதற்காக அவர் யாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவுமில்லை. அப்பாவும் மகனும் எதிரெதிர் அழகியலோடு ஒரே இலக்கிய உலகத்தில் இருந்தார்கள்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பொறாமையாகச் சொல்கிறேன். தகப்பனை மறுக்கிற உரிமை. இதுதான் இலக்கிய வாரிசுக்குக் கிடைக்கிற பெரிய சொத்து. மறுப்பதற்குக்கூட முதலில் ஒன்று கையில் இருக்க வேண்டும். வீடு இருப்பவன்தான் வீட்டை விட்டு வெளியேற முடியும். பூவைப் பற்றி எழுதிய வண்ணதாசனிடம் ‘உன் சாதியின் துன்பத்தை ஏன் எழுதவில்லை’ என்று எவரும் கேட்டதில்லை. என்னிடம் முதல் கதைக்கே கேட்டார்கள். குற்றாலத்துச் சாரலைப் பற்றி நான் எழுதிய ஒரு கவிதையைத் திருப்பி அனுப்பிய பத்திரிகைக்காரர், ‘உங்களிடமிருந்து வேறு எதிர்பார்க்கிறோம்’ என்று எழுதியிருந்தார். சாரல் எங்க தெருவிலும்தான் விழுகிறது.

தி.க.சி.யைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் நியாயமாகாது. அவருக்கு ரத்தத்தில் பிறந்த எழுத்தாளர் ஒருவர் என்றால், அஞ்சலட்டையில் பிறந்தவர்கள் பலர். யார் எங்கே நன்றாக எழுதினாலும் தேடிப் படித்து ஒரு கார்டு போடுவார். அவர் காலத்துத் ‘தாமரை’யில் வளர்ந்தவர்களில் பூமணியும் ஒருவர். அதே மாதிரி டி.கே.சி.யின் குற்றால வீட்டுக்கு வந்துபோனவர்களில் இடைசெவலிலிருந்து வந்த ஒரு சம்சாரி இருந்தார். பிறகு அவர் கி. ராஜநாராயணன் ஆனார். கி.ரா. கரிசல் எழுத்துக்கு முன்னத்தி ஏர் பிடித்தார். அந்தச் சாலில் பின்னால் வந்தவர் பூமணி. பூமணிக்குப் பின்னால் அவருடைய உறவில் மருமகனான சோ. தர்மன். ‘பிறகு’ 1979இல் வந்தது, ‘வெக்கை’ 1982இல். ‘அஞ்ஞாடி’க்கு 2014இல் பூமணிக்கும், ‘சூல்’ நாவலுக்கு 2019இல் தர்மனுக்கும் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. ஆக, குற்றாலத்துத் தொட்டிக்கட்டில் கேட்ட காது, வீட்டு வாசலைத் தாண்டி, சாதி வரிசையைத் தாண்டி, எங்கோ ஒரு கரிசல் காட்டுச் சேரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ரத்தத்தில் போன கிளை சீக்கிரம் ஒடிந்தது. வெளியில் போன கிளை காய்த்தது. ரசிகமணி இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இன்னொன்றைக் கவனியுங்கள். நம்மிடம் எழுத்து எப்படிக் கைமாறுகிறது? மாமன் மருமகன்: பூமணி, தர்மன். அண்ணன் தங்கை: ராஜ் கௌதமன், பாமா. அவர்களிடம் வாரிசு மேலிருந்து கீழே இறங்குகிறது, தாத்தா, அப்பா, மகன் என்று. நம்மிடம் அது பக்கவாட்டில் பரவுகிறது. காரணம் எளிது. மேலே புத்தகம் இல்லை. ஒரே தலைமுறையில் ஒருவர் முதலில் பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு அடுத்தவரை இழுத்துவிட வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில் இறந்த ராஜ் கௌதமன் தலித் பண்பாட்டைக் கோட்பாடாக எழுதினார்; தங்கை 1992இல் ‘கருக்கு’ எழுதினார். அதற்குப் பிறகு ‘சங்கதி’யில் பாமா செய்ததுதான் எனக்கு முக்கியம். தன் பாட்டியின் பேச்சை எழுத்தின் நடுவில் உட்காரவைத்தார். மேலே புத்தகம்தான் இல்லை, மேலே ஆள் இருந்தார்கள் என்று காட்டினார்.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பூமணியும் தர்மனும் தங்களைத் தலித் எழுத்தாளர் என்று அடைத்துவிடக்கூடாது என்று சொன்னவர்கள். நம்முடைய பத்திரிகைகள் அதற்காக அவர்களைத் திட்டியிருக்கின்றன. நானும் கூட்டங்களில் காட்டமாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சில் ஒரு பாதியை இன்றும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. அடையாளத்தை மறைப்பது சாதிக்கு வசதி செய்துகொடுப்பது. மறுபாதியில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தி.க.சி. தம் மகனுக்குக் கொடுத்த விலகும் உரிமையை, நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோமா? ‘வேறு எதிர்பார்க்கிறோம்’ என்று எழுதிய பத்திரிகைக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவன் நம் துன்பத்தை ரசிக்கக் கேட்கிறான். நாம் போராடக் கேட்கிறோம். கேட்பது இரண்டு பேரும்தான்.

இனி என் தாயிடம் வருகிறேன். சுயம்பு என்று சொன்னவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அதுதான்.

எங்க அம்மா கைநாட்டு. சிற்றாற்றுப் பாசன வயல்களில் நடவு நட்டவள். நடவுக்குப் பாட்டெடுக்க அவளைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். ஒரே பாட்டை இரண்டு நாள் ஒரே மாதிரி பாட மாட்டாள். கூலியில் ஒரு படி குறைத்த பண்ணையாரின் நடை, அவர் குடை, அவர் வயிறு எல்லாம் மறுநாள் பாட்டில் வந்துவிடும். வரப்பில் நிற்கிற அவருக்கே கேட்கும். பெயர் சொல்லாததால் கோபப்பட முடியாது. சேற்றில் நிற்கிற இருபது பேர் குலவையிட்டுச் சிரிப்பார்கள். பின்னால் நான் எம்.ஏ.வில் அங்கதம், குறிப்புப் பொருள், உள்ளுறை என்று மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் ஏற்கெனவே கேட்ட மாதிரி இருந்தது. பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார் என்று டி.கே.சி. சொன்னதை அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேறு வழியே கிடையாது.

‘வாய்மொழி மரபு என்று பெருமை பேசிப் பேசியே நம்மை எழுத்துக்கு வெளியே வைத்துவிட்டார்கள் தோழர்’ என்று ஒரு நண்பர் சண்டைக்கு வருவார். உண்மைதான். அம்மாவின் பாட்டைப் பொன்னாடை போர்த்திக் கும்பிட நான் சொல்லவில்லை. அவளிடமிருந்து பாட்டு மட்டும் எனக்கு வரவில்லை. இடுப்பு வலியும் வந்தது, பயமும் வந்தது, பெரிய தெருவில் நடக்கும்போது தானாகக் குனிகிற தலையும் வந்தது. வாரிசு என்றால் எல்லாம் சேர்த்துத்தான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கதை எழுதினேன். பரவலாகப் பேசப்பட்டது. அதன் உயிரே அம்மா பண்ணையாரைப் பற்றிப் பாடிய இடம்தான். சொல்லுக்குச் சொல் அவளுடையது. பத்திரிகையைக் கொண்டுபோய் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டாள். சிரித்தாள். பிறகு கேட்டாள்:

“எல்லாம் நாஞ் சொன்னதால்லா இருக்கு. எம் பேரு எங்கட்டி போட்டிருக்கு?”

என்னிடம் பதில் இல்லை. அச்சில் இருந்தது என் பெயர். ‘சு.’ கூட இல்லை.

தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்க மன்னர் நிலம் மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்கே குறவஞ்சி மேடு என்று பெயர். மலையையும் குறியையும் குலத்தையும் பாடுகிறவள் குறத்தி. நிலம் கிடைத்தது கவிராயருக்கு. இதை நான் மேடை மேடையாகப் பேசி ஆதிக்க சாதி இலக்கியத்தைக் கிழித்திருக்கிறேன். அன்றைக்கு அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான், எங்க வீட்டுக்குள்ளேயே ஒரு குறவஞ்சி மேடு இருப்பது தெரிந்தது. மானியம் வாங்கியவள் நான்.

அடுத்த பதிப்பில் அவள் பெயரைப் போட்டேன். ‘பாட்டு’ என்று போட்டு அவள் முழுப் பெயர். அதைத் தடவிப் பார்த்துவிட்டு “இதுதானா?” என்றாள். அவ்வளவுதான். கணக்குத் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

எனக்கு ஒரு மகள். ஆறாம் வகுப்பு. பள்ளி மலருக்கு ஏதோ எழுதிக் கேட்டிருக்கிறார்கள். “ஒங்கம்மா எழுத்தாளர்லா, நீ எழுதாம யாரு எழுதுவா” என்று டீச்சர் சொன்னார்களாம். வந்து சொன்னபோது பெருமையாகவும் இருந்தது, திக்கென்றும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதல்முறையாக ஒரு பிள்ளைக்கு அந்த அனுமதி பிறக்கும்போதே கிடைத்திருக்கிறது. நான் இந்தக் கட்டுரையில் இவ்வளவு நேரம் எதிர்த்துப் பேசிய இலக்கிய வாரிசு எங்க வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறது.

“இனிஷியல் என்னம்மா போட?” என்று கேட்டாள். அப்பா எழுத்துப் போடலாம், அம்மா எழுத்துப் போடலாம், போடாமலும் விடலாம் என்றேன். யோசித்துவிட்டு “ஆச்சி எழுத்துப் போடட்டுமா?” என்றாள். போடு என்றேன்.

எழுதி முடித்துக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு பக்கம். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு குரங்கு அவள் கையிலிருந்த நெல்லிக்காயைப் பிடுங்கிக்கொண்டு போன கதை. எங்க தெரு அதில் இல்லை. நடவு இல்லை, பண்ணையார் இல்லை, பட்ட பாடு எதுவுமே இல்லை. குரங்கும் நெல்லிக்காயும் மழையும்தான் இருந்தன. ‘ஏட்டி, நம்மளப் பத்தி ஏன் எழுதல?’ என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது.

கேட்கவில்லை. ஆச்சிக்கு வாசித்துக் காட்டு என்று அனுப்பினேன்.